நீர்க்குழாயும் நகராண்மைக் கழகமும்: அச்சுறுத்தற் காலங்களில் குடிமகனின் வினா

முன்னுரை

ஒரு நகரத்தின் குடிநீர் எங்கிருந்து வருகின்றது, அதனைக் கொணரும் குழாயை யார் காக்கின்றனர் என்னும் வினாவை அந்நகரில் வரி செலுத்துவோர் ஒருவர் தம் ஊராட்சி மன்றத்திடம் எழுப்புவாராயின், பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்று அவருக்குக் கிடைக்கும். ‘அது பாதுகாப்புத் தொடர்பானது, வெளியிடுவதற்கில்லை’ என்பது ஒன்று. ‘அது எங்கள் பொறுப்பில் இல்லை, மேலிடத்தைக் கேளுங்கள்’ என்பது மற்றொன்று. முதல் விடையில் நியாயம் இருக்கக்கூடும். இரண்டாம் விடை சட்டப்படி சரியாகவும் இருக்கக்கூடும். எனினும் இவ்விரு விடைகளும் எக்காலத்தில், எச்சூழலில் உருவாயின என்பதை ஆராயுமிடத்து, மலாயா, சிங்கப்பூர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி நமக்குப் புலப்படுகின்றது.

ஆயுதத் தாக்குதல்களும் நாசவேலைகளும் இந்நிலப்பகுதியை அச்சுறுத்திய காலங்களில், ஊராட்சி மன்றத்தை வினவும் குடிமகனின் உரிமை என்னவாயிற்று என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாதுகாப்பு நெருக்கடி ஏற்படும்போது இவ்வுரிமை இயல்பாகவே சுருங்கிவிடும் என்பது பலரின் எண்ணம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1950களில் நெருக்கடியின் நடுவிலேயே இவ்வுரிமை வளர்ந்தது. 1965இல் மற்றொரு நெருக்கடியைக் காரணமாகக் காட்டி அது நிறுத்தப்பட்டது. ஆகவே, இதனை நெருக்கடியின் தவிர்க்கவியலா விளைவாகக் கொள்ளாது, ஆட்சியாளர் மேற்கொண்ட அரசியல் முடிவாகக் கொள்வதே பொருந்தும் என்பது நம் துணிபு.

ஈண்டு இரு சொற்களைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ‘இன்றியமையாக் கட்டமைப்பு’ என்று நாம் குறிப்பது நீர், மின்சாரம், எரிபொருள், இருப்புப்பாதை, துறைமுகம், விமான நிலையம் போன்று, தடைப்பட்டால் பொதுவாழ்க்கையே நின்றுபோகக்கூடிய அமைப்புகளை. ‘பயங்கரவாதம்’ என்னும் சொல்லோ ஆட்சியாளர்தம் தேவைக்கேற்பப் பொருள் கொண்ட சொல்லாகும். மலாயாவில் ஆயுதமேந்திய கம்யூனிஸ்டுகளை முதலில் ‘கொள்ளையர்’ என்றழைத்த காலனித்துவ அரசு, 1952 முதல் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்’ என்றழைக்கத் தொடங்கியது. இதனை மனத்திற்கொண்டே இச்சொல்லை நாம் இங்கு ஆள்கின்றோம்.

1942: குழாய் கற்பித்த பாடம்

1927 டிசம்பர் 5ஆம் நாள் ஜொகூர் சுல்தானுக்கும் சிங்கப்பூர் நகராண்மை ஆணையர்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. குனோங் பூலாய்ப் பகுதியில் நிலத்தைப் பெற்று, அங்கிருந்து நீரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்ல அது வழிவகுத்தது. ஒரு நகராண்மை அமைப்பு தன் எல்லைக்கு அப்பாலுள்ள ஆட்சியாளருடன் தானே செய்துகொண்ட உடன்பாடு இது என்பது கருதத்தக்கது. 1924இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் வழியே அந்நீர் பின்னர்ச் சிங்கப்பூரை வந்தடைந்தது.

1942 சனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் கடற்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தனர். பாலத்தோடு குழாயும் அறுந்தது. அதன்பின் தீவிலிருந்த நீர்த்தேக்கங்களையே நகரம் நம்பியிருந்தது. அகதிகளின் வருகையால் மக்கள்தொகை ஏறத்தாழ 10 இலட்சமாகப் பெருகியிருந்த நகரில், குண்டுவீச்சும் பீரங்கித் தாக்குதலும் தெருக்களின் அடியிலிருந்த குழாய்களைச் சிதைத்தன. தேக்கத்தில் நீர் இருந்தும் குழாயில் நீர் நிற்கவில்லை. உடைப்புகளைச் சரிசெய்யும் வேகத்தைவிடப் புதிய உடைப்புகள் ஏற்படும் வேகமே மிகுதியாயிருந்தது. நகராண்மை நீர்ப்பொறியாளர் டேவிட் மர்னேன் இந்நிலையைத் தளபதி பெர்சிவலிடம் எடுத்துரைத்தார். பிப்ரவரி 15ஆம் நாள் நிகழ்ந்த சரணடைவுக்குரிய காரணங்களுள் நீர்த் தட்டுப்பாடும் ஒன்றாயிற்று.

இது போர் நிகழ்வேயன்றிப் பயங்கரவாத நிகழ்வன்று. எனினும் பின்வந்த அனைத்திற்கும் அடிப்படையான மூன்று செய்திகளை இதனால் அறியலாம். முதலாவது, ஒரு நகரத்தின் உயிர்நாடி அந்நகரத்தின் எல்லைக்கு வெளியே இருக்கக்கூடும். இரண்டாவது, அதன் உண்மை நிலையை அறிந்தவர் படைத்தளபதியல்லர். குழாய்களை நாள்தோறும் பேணிய நகராண்மைப் பொறியாளரும் அவர்கீழ்ப் பணியாற்றிய தொழிலாளருமே ஆவர். மூன்றாவது, அந்நகர மக்களுக்கு வினவும் இடமே இல்லை. அன்றைய நகராண்மை ஆணையர்கள் நியமனம் பெற்றவர்கள். வரி செலுத்துவோரின் வாக்குக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்களல்லர்.

அவசரகாலம்: நெருக்கடியில் வளர்ந்த உரிமை

1948 சூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 சூலை 31ஆம் நாள்வரை அது நீடித்தது. இருப்புப்பாதைகள் பெயர்க்கப்பட்டன, இரயில்கள் தடம்புரட்டப்பட்டன, தோட்டங்களில் பால்மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. இத்தாக்குதல்களின் பளுவைத் தாங்கியோருள் தமிழர் பலர் உளர். மலாயா இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் நகராண்மைகளிலும் உடலுழைப்புத் தொழிலாளராகப் பெருமளவில் இருந்தோர் இந்தியரே. அவர்களுள்ளும் தமிழரே மிகுதி. கட்டமைப்பின் பாதுகாப்பு என்பது அவர்களுக்கு இருப்புப்பாதையோரக் குடியிருப்பில் இரவைக் கழிப்பது பற்றிய கவலையாக இருந்தது.

இத்தகைய காலத்தில்தான் ஊராட்சித் தேர்தல்கள் மலாயாவில் அறிமுகமாயின. 1950இல் ஊராட்சி மன்றத் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டது. 1951 டிசம்பரில் சியார்ச் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்தனர். சிங்கப்பூரில் இதற்கு முன்பே, 1949 ஏப்ரலில், நகராண்மையின் 27 இடங்களில் 18 இடங்களுக்குத் தேர்தல் நடந்திருந்தது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். முள்வேலிக்குள் வைக்கப்பட்ட அம்மக்களும் தங்கள் மன்றங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க 1952ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டம் வழிசெய்தது.

இதனைக் காலனித்துவ அரசின் பெருந்தன்மை என்று கொள்ள வேண்டியதில்லை. கட்டாயக் குடியேற்றமும் ஊரடங்கும் விசாரணையற்ற தடுப்புக்காவலும் அக்காலத்தில் உடனிருந்தன. மக்களின் ஆதரவின்றிக் கிளர்ச்சியை அடக்கவியலாது என்னும் கணக்கே இச்சீர்திருத்தங்களின் பின்னணியாகும். அக்கணக்கில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. தன் ஊரின் குழாயும் விளக்கும் தன் மன்றத்துக்குரியவை என்று எண்ணும் குடிமகன் அவற்றைக் காப்பதில் பங்குகொள்வான். அவை அரசுக்குரியவை என்று மட்டும் எண்ணுபவன் ஒதுங்கி நிற்பான்.

இம்மன்றங்கள் பெயரளவில் மட்டும் இருந்தவையல்ல. சியார்ச் டவுன் மாநகர மன்றம் தன் நீரையும் மின்சாரத்தையும் பேருந்துகளையும் தானே நடத்திற்று. 1957இல் அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்ற டி. எஸ். இராமநாதன் தொழிற்கட்சியைச் சார்ந்த தமிழர். ஈப்போ நகர மன்றத்தில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒரு தெருவில் மின்விளக்கு ஏன் எரியவில்லை என்றும், ஒரு நீர்நிலையத்திற்குக் காவலாளி உண்டா என்றும் கேட்பவருக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் அதே நகரில் வாழ்ந்தார். விடை நிறைவு தராதபோது அடுத்த தேர்தலில் அவரை மாற்றவும் வாக்காளருக்கு வழியிருந்தது.

1965: நெருக்கடியில் நிறுத்தப்பட்ட உரிமை

1963 சனவரியில் இந்தோனேசியா மலேசியத் திட்டத்திற்கு எதிராகக் கொன்ஃப்ரொண்டாசி எனப்பட்ட எதிர்ப்புக் கொள்கையை அறிவித்தது. 1964 ஆகஸ்டு 17இல் பொந்தியான் கரையிலும், செப்டம்பர் 2இல் லாபிஸ் அருகே வான்வழியிலும் ஆயுதமேந்தியோர் இறங்கினர். மறுநாள் நாடு முழுவதும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன.

இச்சூழலில் 1965 மார்ச் 1ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அமைதி திரும்பியவுடன் தேர்தல்கள் நடத்தப்படும் என்றும் உறுதி கூறினார். அச்சுறுத்தல் கற்பனையானதன்று. அறிவிப்புக்கு ஒன்பது நாள்களின் பின்னர், மார்ச் 10ஆம் நாள், சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. மூவர் உயிரிழந்தனர், 33 பேர் காயமுற்றனர். இறந்தவர்களுள் இருவர் அங்கிருந்த வங்கியில் பணிபுரிந்த பெண்கள்.

எனினும் வரலாற்றாய்வாளர் இரு செய்திகளைக் கருதவேண்டும். ஒன்று, அக்காலத்தில் பெருநகர மன்றங்கள் பலவற்றில் எதிர்க்கட்சிகளே வலுப்பெற்றிருந்தன. தேர்தல் நிறுத்தத்தின் உண்மைக் காரணம் இதுவே என வாதிடுவோர் உளர். மற்றொன்று, தேர்தலைக் கைவிடும் போக்கு 1965இல்தான் தொடங்கியது என்று கூறவியலாது. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்வழி கோலாலம்பூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஏற்கனவே நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பாதுகாப்பு காரணமன்று. எனவே அச்சுறுத்தல் ஒரு காரணமாக இருந்தது. அது மட்டுமே காரணம் என்று கொள்ளுதல் இயலாது.

1966 ஆகஸ்டில் இரு நாடுகளுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டுக் கொன்ஃப்ரொண்டாசி முடிவுற்றது. தேர்தல்கள் திரும்பவில்லை. அதே ஆண்டில் சியார்ச் டவுன் மாநகர மன்றத்தின் பணிகளைப் பினாங்கு மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

ஆதி நாகப்பன் ஆணையம்

சிரம்பான் உள்ளிட்ட சில மன்றங்களின் மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்ததைத் தொடர்ந்து, மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மலேசியத் தமிழர் வரலாற்றில் அவர் துணைவியார் சானகி ஆதி நாகப்பன், சான்சி ராணிப் படையின் முன்னணி வீராங்கனை என்ற வகையில் நன்கு அறியப்பட்டவர். நாகப்பன் ஆணையத்தின் பணியோ அந்த அளவுக்கு நம்மிடையே பேசப்படுவதில்லை.

1968இல் நிறைவுற்ற ஆணையத்தின் அறிக்கை முறைகேடுகளை மறைக்கவில்லை. மன்றங்களின் நிதிநிலை, ஆள்பலம், நிருவாகத் திறன் ஆகியவற்றின் குறைகளை அது எடுத்துக்காட்டியது. ஆனால் குறைகளைக் காரணமாகக் கொண்டு தேர்தலை நீக்குமாறு அது கூறவில்லை. குறைகள் இருந்தபோதிலும், நியமன மன்றத்தைக் காட்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே சிறந்தது என்பது அதன் முடிவாகும். முறைகேட்டை விசாரிக்க அமைந்த ஆணையமே இம்முடிவிற்கு வந்தது என்பதில்தான் இதன் வரலாற்று மதிப்பு உள்ளது.

1969 மே 13 கலவரத்தின் பின்னர் நாட்டின் அரசியல் சூழல் முற்றிலும் மாறியது. அரசாங்கம் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், ஒவ்வொரு மன்றத்திற்கும் 8க்குக் குறையாமலும் 24க்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது. தற்காலிக நிறுத்தம் நிலையான முறையாயிற்று. 2012இல் பினாங்கு மாநிலம் ஊராட்சித் தேர்தலை மீட்கும் பொருட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சிக்கு இடமில்லை எனத் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே கட்டமைப்பும் மன்றத்தின் கையைவிட்டு நீங்கியது. மின்சாரம் தேசிய நிறுவனத்திடம் சென்றது. 2005ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தமும் 2006ஆம் ஆண்டின் நீர்ச்சேவைத் தொழில் சட்டமும் நீர் வழங்கலைக் கூட்டரசின் கண்காணிப்புக்குள் கொணர்ந்தன. ‘அது எங்கள் பொறுப்பில் இல்லை’ என்னும் விடை இவ்வாறே உருவாயிற்று. திறன்மிக்க நிருவாகத்திற்கு இம்மாற்றங்கள் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பொறுப்பு மேலே சென்றபோது, வினவுவதற்கான இடம் அதனோடு சேர்ந்து செல்லவில்லை.

சிங்கப்பூரின் வழி

சிங்கப்பூரில் 1957 டிசம்பரில் நகரசபையின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடைபெற்றது. 1959இல் தன்னாட்சி ஏற்பட்டபின் நகரசபையின் பணிகள் அரசாங்கத்திடம் சென்றன. 1963இல் நீரும் மின்சாரமும் எரிவாயுவும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பாயின. இம்மாற்றத்திற்கு அச்சுறுத்தல் காரணமன்று. சிறிய நாட்டிற்கு இருமுக ஆட்சி தேவையில்லை என்னும் கருத்தே காரணம். அதன்பின் இத்தகைய வினாக்களைக் குடிமகன் நாடாளுமன்ற உறுப்பினர்வழியே எழுப்ப வேண்டியவனானான்.

1974 சனவரி 31ஆம் நாள், குழாய் அறுந்த அதே தேதியில் 32 ஆண்டுகள் கழித்து, சப்பானியச் செம்படையினர் இருவரும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியினர் இருவரும் புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கினர். பின்னர் ‘லாஜு’ என்னும் படகைக் கைப்பற்றி, அதன் பணியாளர் ஐவரைப் பிணையாக்கினர். எஸ். ஆர். நாதன் தலைமையில் 13 அதிகாரிகள் தாக்குதல்காரர்களுடன் குவைத்திற்கு விமானத்தில் சென்றதன் பின்னரே பிப்ரவரி 8ஆம் நாள் நெருக்கடி தீர்ந்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய நாதன் ஏற்ற இப்பணியைத் தமிழர் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். சுத்திகரிப்பு நிலையம் ஏற்கனவே காவலுக்குட்பட்ட இடம் என்பதும் இதனோடு நினைக்கத்தக்கது.

2001 டிசம்பர் முதல் ஜெமா இஸ்லாமியா அமைப்பினர் கைதுசெய்யப்பட்டனர். 2003 சனவரியில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அவ்வமைப்பின் இலக்குகளை மக்களுக்கு அறிவித்தது. அவற்றுள் ஈசூன் பெருவிரைவு ரயில் நிலையமும் நீர்க்குழாய்களும் இடம்பெற்றிருந்தன. இலக்குகள் இன்னவை என்று வெளிப்படையாகக் கூறியதால் பாதுகாப்பு குன்றவில்லை; மாறாக, மக்களின் விழிப்புணர்வுக்கு அது அடிப்படையாயிற்று.

2010 மே மாதம் மற்றொரு வகைச் சான்று கிடைத்தது. சாங்கி ரயில் பணிமனையின் வேலியை அறுத்து நுழைந்தவர்கள் ஒரு ரயிலின் மீது ஓவியம் தீட்டிச் சென்றனர். அந்த ரயில் ஓடியபோது அதனை விளம்பரம் என்று எண்ணியதாகக் கூறப்பட்டது. வண்ணம் தீட்டியவர் நுழைந்த இடத்தில் வெடிகுண்டுடன் ஒருவர் நுழைந்திருந்தால் என்னவாகும் என்று மக்கள் கேட்டனர். அக்கேள்வி எந்த இரகசியத்தையும் வெளிப்படுத்தவில்லை; வேலி அறுபட்டதையும் அது உரிய நேரத்தில் கவனிக்கப்படாததையும் பற்றியே கேட்டது. 2011இல் பீசான் பணிமனையில் இதுபோன்றதே மீண்டும் நிகழ்ந்தது, அக்கேள்வி எத்துணைப் பொருத்தமானது என்பதைக் காட்டிற்று.

எதைக் கேட்கலாம்?

பாதுகாப்பில் மறைக்கவேண்டியவை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. காவலர் மாறும் நேரம், கண்காணிப்புக் கருவியின் இருப்பிடம், குழாயின் எப்பகுதி நலிவுற்றுள்ளது என்னும் விவரம் ஆகியவற்றைப் பொதுவில் கூறுதல் அறிவுடைமையாகாது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டமும் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமும், சிங்கப்பூரின் 2017ஆம் ஆண்டுக் கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டமும் தத்தம் முறையில் இத்தேவையைக் கருதியவை.

ஆனால் மேற்கண்ட வரலாறு வேறொரு வகை வினாக்களையும் நமக்குக் காட்டுகின்றது. இவ்வமைப்புக்குப் பொறுப்பானவர் யார்? அதனை இறுதியாகச் சோதித்தவர் யார், எப்பொழுது? அது தடைப்பட்டால் மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக்கும் நீர் எவ்வாறு வந்துசேரும்? அங்குப் பணிபுரியும் தொழிலாளரின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? இவற்றின் விடைகள் தாக்குபவருக்குப் பயன்படா, தாக்கப்படுபவருக்கே பயன்படும். 1942இல் மர்னேன் கூறியதுபோன்ற உண்மைகள் இவ்வகை வினாக்களின் விடைகளே. அவை நெருக்கடியின் கடைசி நாளில், மூடிய அறையில் கூறப்பட்டன. அமைதிக்காலத்தில் அவை மன்றத்தில் கூறப்பட வேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டுப் பொதுமக்கள் நெருக்கடிநிலைச் சட்டம், தம் வட்டாரத்திற்குரிய இடர்களை மதிப்பிட்டு, வெளியிடத்தக்கவற்றை வெளியிடும் கடமையை ஊராட்சிகளின்மீது சுமத்தியுள்ளது. மலேசியாவில் பினாங்கும் சிலாங்கூரும் தகவல் அறியும் சுதந்திரச் சட்டங்களை இயற்றின. நியமன முறையை நிலைப்படுத்திய 1976ஆம் ஆண்டுச் சட்டமேகூட, மன்றத்தின் முழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதிக்கின்றது. அக்கூட்டங்களில் பார்வையாளராக அமரும் உரிமை தமக்குண்டு என்பதை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

தமிழ் மரபிலும் இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணாகக் கருதப்படவில்லை. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரணை அரசின் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. அதே அதிகாரம், அரசன் காண்பதற்கு எளியவனாகவும் செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுப்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், அச்சுறுத்தற் காலம் குடிமகனின் வினாவைத் தானாகவே அடக்கிவிடுவதில்லை என்பது தெளிவாகின்றது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி நடந்தபோதே தேர்தல் மன்றங்கள் பிறந்தன. கொன்ஃப்ரொண்டாசியின்போது அவை நிறுத்தப்பட்டன. அது முடிந்தபின்பும் மீளவில்லை. ஊராட்சித் தேர்தல் மீட்கப்பட வேண்டுமா என்பது அரசியலார் முடிவுசெய்ய வேண்டிய ஒன்று. ஆனால் தற்காலிகம் எனக் கூறப்பட்ட ஒரு பாதுகாப்பு நடவடிக்கை அரை நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்திருப்பதை வரலாற்றாசிரியர் சுட்டிக்காட்டாமல் இருத்தல் இயலாது.

தமிழாசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம் என்பது நம் பரிந்துரை. மாணவர்கள் தத்தம் ஊரின் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கண்டறியட்டும். அதனைப் பற்றி மன்றத்திடம் கேட்கத்தக்க வினாக்கள் எவை, கேட்கத்தகாதவை எவை எனப் பிரித்துக் காரணத்தோடு எழுதட்டும். கட்டுரைப் பயிற்சியாகவும் குடிமைப் பயிற்சியாகவும் இது அமையும். இன்றும் ஜொகூர் கடற்பாலத்தை ஒட்டி நீர்க்குழாய்கள் செல்கின்றன; 1962ஆம் ஆண்டு நீர் உடன்படிக்கை 2061வரை நடைமுறையில் இருக்கும். இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அந்த ஆண்டில் நடுவயதினராக இருப்பர். அக்குழாய்களைப் பற்றிக் கேட்கவேண்டியவர்களும் விடைகூற வேண்டியவர்களும் அவர்களே.